எர்த் குழிக்கு இரண்டு குடம்

மின்விசிறி நின்றது. அதுவரைக்கும் அது சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்பதே நின்ற பிறகுதான் தெரிந்தது. மணி பதினொன்று பத்து. மெயினை இறக்கியாச்சு சார், மூணு மணி நேரத்துக்கு கரண்ட் இருக்காது என்று சொல்லிவிட்டு எலக்ட்ரீஷியன் பெலவேந்திரன் ஸ்டூலில் ஏறினான். ஒரு பெட்டியைச் சுவரில் மாட்ட மூன்று மணி நேரம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டால் உஷாராகிவிடுவான். நாற்காலியை அவன் முதுகு தெரிகிற மாதிரி நடைக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மூஞ்சியை நம்பக்கூடாது, முதுகைப் பார்க்க வேண்டும். போக்குவரத்துக் கழகத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன், அதில் கடைசி இருபது வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டர். நடுவழியில் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தி ஏறினால், டிக்கெட் எடுக்காதவன் யாரென்று இரண்டாவது படியில் கால் வைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அதெல்லாம் புதுசாகத் தப்பு செய்கிறவன். பழகியவன் என் கண்ணையே பார்ப்பான், ரொம்ப நாள் தெரிந்தவன் மாதிரி சிரிப்பான், கை மட்டும் ஒரு தடவை சட்டைப் பைக்குப் போய்விட்டு வரும். இந்த பெலவேந்திரன் காலையில் கேட்டைத் திறந்துகொண்டு வந்தபோது என் கண்ணைப் பார்த்துச் சிரித்தான். நான் கூப்பிடாமல் வந்தவன். அக்கா அனுப்பினாங்க என்றான். எந்த அக்கா என்று கேட்டேன். அம்சவேணி அக்கா, உங்க வீட்டம்மாதான் சார் என்றான். முன்பின் தெரியாத ஒருத்தனுக்கு என் பெண்டாட்டி அக்கா. லால்குடியில் அவளுடைய அக்கா வீட்டுக்கு வயரிங் செய்தவனாம். நாற்பது வயதிருக்கும், நரைத்த மீசை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை, கையில் உளியும் சுத்தியலும் கிடக்கிற பை. அந்தப் பை வரும்போது எவ்வளவு கனத்தது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். போகும்போதும் பார்ப்பேன். பழைய வயரில் செம்பு இருக்கிறது.

சுவரைக் கொத்துகிறான். காரை பொலபொலவென்று நடையில் விழுகிறது. பழைய பலகையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டான், பீங்கான் ப்யூஸ் கட்டைகள் நாலும் அப்படியே அதில் இருக்கின்றன. இருபத்தேழு வருஷம் இந்தக் கட்டைகள் என்ன குறை வைத்தன? ப்யூஸ் போனால் ஒரு கம்பி இழையைச் சுற்றினால் தீர்ந்தது. அம்சவேணிக்கு அது போதவில்லை. இருபத்து மூன்று நாளாக லால்குடியில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பலகையைக் கழட்டிட்டு ஷாக் அடிச்சா தானா நிக்கிற பெட்டி மாட்டினாத்தான் வருவேன் என்கிறாள். எல்லாம் அந்தக் கொல்லைப்புறக் குழாயினால் வந்தது. குழாயைத் தொட்டால் சுர்ரென்று பிடிக்கிறதாம். எத்தனையோ வருஷமாக இதே பாட்டு. தினமும் கிடையாது, சில நாள்தான். மழைக்காலத்தில் வாயைத் திறக்க மாட்டாள், பங்குனி சித்திரை வந்தால் ஆரம்பித்துவிடுவாள். ஒரு ஷாக்குக்கு சீசன் உண்டா? மாம்பழமா அது? அப்படித்தான் கேட்டேன். சேலை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு குழாயைத் திறப்பாள், நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் இன்னும் ஒரு சுற்று சுற்றுவாள். சந்தேகம்தான், ஆனாலும் என் கடமையை நான் செய்யாமல் இல்லை. தில்லை நகரில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வருஷம் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு மறுபடி சுர்ருங்குது என்றாள். சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும், விடிகாலை, நான் வெந்நீருக்கு ஹீட்டரைப் போட்டுவிட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கொல்லையில் பித்தளைக் குடம் விழுந்து உருளுகிற சத்தம். போய்ப் பார்த்தால் குடம் நசுங்கிக் கிடக்கிறது, அம்சவேணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் நேராகப் போய்க் குழாயை முழுக் கையாலும் பிடித்தேன். ஒன்று இரண்டு என்று இருபது வரைக்கும் எண்ணினேன். எங்க இருக்கு ஷாக்கு, காட்டு என்றேன். ஒன்றுமே இல்லை, சத்தியமாக ஒன்றுமே இல்லை, ஒரு எறும்பு ஊர்கிற அளவுக்குக்கூட இல்லை. உனக்குக் குழாயில ஷாக் இல்ல அம்சா, மனசுலதான் என்று சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. மதியம் பையில் நாலு சேலையை எடுத்து வைத்தாள். வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள். "நானும் டிக்கெட் எடுத்துட்டுத்தாங்க இந்த வீட்டுல ஏறுனேன்."

அது என்ன பேச்சு. இருபத்து மூன்று நாளாக அது என் காதில் கிடக்கிறது. ஷாக் பொய் என்றால் அவள் என்னை விட்டுப் போனதற்கு வேறு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் நான்தான், என் குரல், என் கேள்விகள், கடைக்குப் போய் வந்தால் ஏன் இவ்வளவு நேரம் என்று நான் கேட்பது, எல்லாம். ஷாக் நிஜம் என்றால். இங்கே வந்தால் எனக்கு யோசனை நின்றுவிடுகிறது. ஷாக் நிஜம் என்றால், ஆனால் எனக்கு அடிக்கவில்லையே, ஒரே குழாய், ஒரே தண்ணீர், இரண்டு கை, ஒரு கைக்கு அடித்து ஒரு கைக்கு அடிக்காமல் இருக்க கரண்ட் என்ன ஆள் பார்த்தா ஏறும். ஆகையால் பொய். பொய் என்றால் காரணம் நான். மறுபடி அங்கேயே வந்து நிற்கிறேன். பெலவேந்திரனின் போன் அடிக்கிறது. எடுத்துப் பார்த்தான், என்னைத் திரும்பிப் பார்த்தான், ஸ்டூலிலிருந்து இறங்கி வாசலுக்குப் போனான். வேலை செய்கிற ஆள், கையெல்லாம் சிமெண்ட், நின்ற இடத்திலேயே பேசினால் என்ன? நான் தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி எழுந்து ஜன்னலோரம் போனேன். "ஆமாக்கா. நீங்க சொன்ன இடமாத்தான் இருக்கணும். இல்லல்ல, அவர்ட்ட ஒண்ணும் சொல்லல. நான் பாத்துக்கறேங்க்கா." நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

எந்த இடம்? இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் அவளுக்கு மட்டும் தெரிந்த இடம் எது? நாங்கள் இரண்டு பேர் மட்டுமே இருக்கிற வீடு, காட்டூரில் முதல் தெரு போட்டபோது கட்டியது, ஒவ்வொரு செங்கல்லும் நான் பார்த்து எடுத்து வைத்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே வீடு முழுக்க நடந்து பார்த்தேன். சாமி அலமாரிக்குப் பின்னால் ஒரு பொந்து உண்டு, அதில் கற்பூர டப்பா. சமையலறைப் பரணில் அவள் அம்மா வீட்டுப் பாத்திரங்கள். பீரோவில் கீழ்த் தட்டு, அதன் சாவி அவளிடம் இருக்கிறது, அதில் பட்டுச் சேலையும் என் பழைய காக்கிச் சட்டை ஒன்றும்தான், அதை ஏன் பூட்டி வைக்க வேண்டும் என்று இப்போதுதான் தோன்றுகிறது. ஆனால் எலக்ட்ரீஷியனுக்கும் பீரோவுக்கும் என்ன சம்பந்தம்? சரி, பெட்டியை மாட்டுகிற சாக்கில் இவன் வீட்டைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லப்போகிறான். எதைச் சொல்வான்? நான் எப்படி இருக்கிறேன் என்றா? பாத்திரம் கழுவாமல் கிடக்கிறது என்றா? நேற்றைய ரசத்தை இன்றைக்கும் சுட வைத்துக் குடித்தேன் என்றா? அவளுக்கு அது தெரிய வேண்டும் என்றால் என்னிடமே கேட்கலாமே. பெலவேந்திரன் திரும்பி வந்து புதுப் பெட்டியைக் கொத்திய குழியில் பொருத்தினான். வெள்ளைப் பெட்டி, கண்ணாடி மாதிரி கதவு, உள்ளே வரிசையாகக் கறுப்பு சுவிட்சுகள், நடுவில் ஒன்று மட்டும் அகலமாக. அதுதான் சார் ஷாக் அடிச்சா நிறுத்துறது என்று காட்டினான். பிறகு கீழே பார்த்து, "சார் எப்பவுமே வீட்டுக்குள்ள செருப்பு போட்டுத்தான் இருப்பீங்களா?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. இவன் யார் அதைக் கேட்க? சர்க்கரையினால் பாதம் மரத்துப் போய் எட்டு வருஷமாக எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு போடுகிறேன், கட்டிலில் ஏறும்போதுதான் கழற்றுகிறேன், டாக்டர் சொன்னது என்றேன். அக்கா போடுவாங்களா என்றான். வீட்டுக்குள் செருப்பா, அவள் என் செருப்புச் சத்தத்தையே இத்தனை வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள், வெறுங்கால்தான் என்றேன். அவன் ம் என்று சொல்லிவிட்டுத் திருகாணியை முறுக்கினான். அந்த ம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஆள் உன் காலைப் பார்த்துவிட்டு ம் என்கிறான் என்றால் அவன் எதையோ முடிவு செய்துவிட்டான்.

என்னை ஒன்றும் தெரியாதவன் என்று நினைக்கிறான் போல. அதனால் நானே பேச்சை எடுத்தேன். எனக்கும் கொஞ்சம் கரண்ட் வேலை தெரியும் தம்பி, டெப்போவில் பார்த்துப் பழகினது என்றேன். பஸ்ஸில் ஒரு விளக்குக்கு ஒரே வயர்தான் போகும். திரும்பி வருவதற்கு வயர் கிடையாது, பஸ்ஸின் இரும்பு உடம்பே திரும்புகிற வழி. பாடி எர்த் என்பார்கள். டெப்போ எலக்ட்ரீஷியன் இதைச் சொன்னபோது எனக்கு ஒரே ஆச்சரியம், எவ்வளவு சிக்கனம், எவ்வளவு புத்திசாலித்தனம். இதைச் சொன்னதும் பெலவேந்திரனின் கை திருகாணி மேல் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸு வேற சார், அது பேட்டரி என்று மட்டும் மெதுவாகச் சொன்னான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. பத்தொன்பது வருஷம் இருக்கும். வெந்நீர் ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஒரு வயரில் கரண்ட் வருகிறது, இன்னொன்று சுவருக்குள் எங்கேயோ அறுந்துவிட்டது. ஆள் கூப்பிட்டால் சுவரைக் கொத்துவான், ஒன்றை நாலாக்குவான். அம்சவேணி டார்ச் பிடித்தாள். நான் கொல்லைச் சுவரில் வயர்கள் சேருகிற வட்டப் பெட்டியின் மூடியைத் திறந்து, ஒரு சின்ன யோசனை செய்து, அரை மணி நேரத்தில் சரி செய்துவிட்டேன். இன்சுலேஷன் டேப் இல்லை, மருந்து அலமாரியிலிருந்து பிளாஸ்திரி கொண்டுவரச் சொன்னேன், கத்தரிக்கோல் கிடைக்காமல் அவள் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தாள். ஹீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவளுக்கு அன்றைக்கு என்ன சந்தோஷம். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாத வேலையே கிடையாது என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள். அப்படிச் சொன்னவள்தான் இன்றைக்கு யாரோ ஒருத்தனை அனுப்பி என் பலகையைக் கழற்றுகிறாள்.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றியது, ஃப்ரிட்ஜ் உறுமியது. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான், எல்லாம் சரி. கடைசியாக ஹீட்டரைப் போட்டான். டக். வீடு முழுக்க நின்றுவிட்டது. மறுபடி தூக்கிவிட்டான், மறுபடி ஹீட்டர், மறுபடி டக். நான் எழுந்துவிட்டேன். ஆகா, இதுதானா விஷயம். இருபத்தேழு வருஷம் ஒழுங்காக ஓடிய வீட்டில் இவன் கை வைத்ததும் ஹீட்டர் போடமுடியவில்லை, இனி ஹீட்டரை மாற்று, வயரை மாற்று என்று ஆரம்பிப்பான். பெட்டி சரியில்லையா, நீ சரியில்லையா என்று நேராகவே கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "பெட்டி சரியாத்தான் சார் வேலை செய்யுது. ஒரு வயர்ல எவ்வளவு கரண்ட் போச்சோ அவ்வளவும் இன்னொரு வயர்ல திரும்பி வரணும். கொறஞ்சா, வழியில வேற எது மேலயோ எறங்குதுன்னு அர்த்தம். அதத்தான் புடிக்குது." எனக்கு அந்தக் கோபத்திலும் அது பிடித்திருந்தது. ஏறினவர்கள் எத்தனை, இறங்கினவர்கள் எத்தனை, நடுவில் யார் காணாமல் போனது. அந்த அகல சுவிட்சும் என் ஜாதிதான். அவன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். வெயில் ஜாஸ்தியா இருக்கு, நீங்க உள்ள ஃபேனுக்கு அடியில உக்காருங்க சார் என்றான். நான் கொல்லைப்படியிலேயே நின்றேன். ஹீட்டர் சுவிட்சை அணைத்திருக்கிறோமா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, குளியலறையின் வெளிச்சுவரில் அந்த வட்டப் பெட்டியின் மூடியைத் திறந்தான். கொஞ்ச நேரம் சும்மா உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் பார்வைக்கு முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டு எதையோ வெட்டி எடுத்தான். அவன் வலது கை சட்டைப் பைக்குப் போய்விட்டு வந்தது.

திரும்பி என் கண்ணைப் பார்த்தான். சிரித்தான். "எலி கடிச்சிருக்கு சார். வேற ஒண்ணுமில்ல. அரை மணி நேரத்துல புது வயர் இழுத்து விட்டுர்றேன்." ரிட்டயராகி இத்தனை வருஷம் கழித்து ஓடுகிற பஸ்ஸில் ஏறி நிற்கிற மாதிரி எனக்குக் கால் உறுதியாக நின்றது. இந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். துவாக்குடிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். பையில இருக்கிறத எடு என்றேன். குப்பை சார் அது என்றான். நான் கையை நீட்டினேன். டிக்கெட் கேட்கிற அதே கை, உள்ளங்கை மேலே பார்த்து, விரல் கொஞ்சம் மடங்கி. "எடு." அவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். ஏமாற்றுகிறவன் மாட்டிக்கொண்டால் முகத்தில் ஒரு வெறுப்பு வரும், அது அவன் முகத்தில் இல்லை. அவன் முகம் எனக்காக வருத்தப்படுகிற மாதிரி இருந்தது. பையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். விரல் நீளத்துக்கு ஒரு வயர்த் துண்டு. ஒரு கறுப்பு வயரும் ஒரு பச்சை வயரும் ஒன்றோடொன்று முறுக்கியது. முறுக்கின் மேல் பழுப்பேறிப்போன துணிப் பிளாஸ்திரி, மூன்று சுற்று. அதன் ஓரம் கத்தரித்த மாதிரி நேராக இல்லை. பல்லால் கடித்துக் கிழித்தது மாதிரி நெளிந்து நெளிந்து இருந்தது. எலிக்குப் பிளாஸ்திரி சுற்றத் தெரியாது.

நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். கறுப்பு வயர் ஹீட்டரிலிருந்து கரண்ட் திரும்புகிற வழி, பச்சை வயர் என்றால் எர்த். அது நேராகக் கொல்லை இரும்புக் குழாயில் கட்டியிருக்கிறது, அங்கிருந்து மதில் ஓரத்து எர்த் குழிக்குப் போகிறது. வீட்டுக்கு எது பாடி என்று அன்றைக்கு யோசித்தேன். குழாயும் பூமியும்தான் பாடி என்று முடிவு செய்தேன். அந்தச் சின்ன யோசனை. என்னைக் காப்பாற்றியதெல்லாம் என் ஒழுங்குதான். குளிப்பதற்கு முன் ஹீட்டரை அணைத்துவிடுவேன், ஒரு நாளும் தவறியதில்லை, அதனால் எனக்கு ஒன்றும் இல்லை. எட்டு வருஷமாக ரப்பர் செருப்பு, அதனால் இருபது எண்ணியும் எனக்கு ஒன்றும் இல்லை. காலை ஆறிலிருந்து ஆறரை வரைக்கும் என் தண்ணீர் கொதிக்கிறது. அதே ஆறிலிருந்து ஆறரைக்குள்தான் அவள் வெறுங்காலோடு ஈரச் சிமெண்டில் நின்று கொல்லைக் குழாயில் குடத்தைப் பிடிக்கிறாள். எப்படித் தெரியும் என்று பெலவேந்திரனைக் கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். போனில் அக்கா எல்லாம் விவரமாகச் சொன்னார்களாம், காலையில் மட்டும்தான் பிடிக்கிறது, வெயில் காலத்தில் அதிகம் என்று. வெயிலில் எர்த் குழி காய்ந்துவிடும் சார், கரண்ட் இறங்க வழியில்லாமல் குழாயிலேயே நிற்கும் என்றான். மாம்பழம் மாதிரி சீசன். "வயர்ல யாராச்சும் கை வச்சாங்களான்னு அக்காகிட்ட கேட்டேன். இருந்தா இந்த இடமாத்தான் இருக்கும்னாங்க. நீங்க பாத்துட்டு எலின்னு சொல்லிருங்க, அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாருன்னாங்க." நான் வயர்த் துண்டைக் கையில் மூடிக்கொண்டேன். இத்தனை நாளாக யோசனை நின்றுபோன இடத்தில் இப்போது அது தானாகவே நடந்து போய்விட்டது. ஷாக் நிஜம் என்றால், பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு நாளும் என் வெந்நீருக்காக நான் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்திருக்கிறேன். அவள் சொன்னபோது மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அந்த டாக்டர் மாத்திரையை அவள் இரண்டு வருஷம் விழுங்கினாள். இதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அந்நிய ஆள் முன்னால், வாயைத் திறந்துகொண்டு. பெலவேந்திரன் ஸ்டூலில் ஏறி வயரை இழுக்கிற வேலையைப் பார்த்தான். அவன் முதுகை நான் பார்க்கவில்லை.

மூன்றரை மணிக்கு ஹீட்டரைப் போட்டான். டக் சத்தம் வரவில்லை. டெஸ்டரைக் குழாயில் வைத்துக் காட்டினான், பிறகு தன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நின்று குழாயைப் பிடித்துக் காட்டினான். எர்த் குழி எலும்பாகக் காய்ந்து கிடக்கிறது, மழை வரும் வரைக்கும் தினமும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் என்றான். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அது எவ்வளவு கனம் என்று பார்க்க மறந்துவிட்டேன். கேட் சாத்துகிற சத்தம் கேட்ட பிறகு நடையில் போய் நின்றேன். வெள்ளைப் பெட்டியில் அந்த அகல சுவிட்ச் நிமிர்ந்து நின்றது. போனை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். கையிலேயே வைத்திருந்திருக்கிறாள். பொட்டி மாட்டியாச்சாங்க என்றாள். ஆச்சு என்றேன். என்னவாம் என்றாள். சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டாள். எலி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கே வருவாள். குழாயைப் பற்றி அப்புறம் இரண்டு பேரும் பேசவே மாட்டோம், நான் கிழவனாகி விழுகிற வரைக்கும் எலி என்றே இருக்கும். அவளே எனக்காக எடுத்து வைத்திருந்த டிக்கெட் அது. அதைக் காட்டிவிட்டு நான் பாட்டுக்கு உட்கார்ந்துவிடலாம். "எலி இல்ல அம்சா. நான்தான்." லால்குடி வீட்டில் யாரோ மிக்சி போடுவது கேட்டது, நின்றது. நீ சொன்னதெல்லாம் நிஜம் என்றேன். மூக்கை உறிஞ்சினாள் என்று நினைக்கிறேன். பிறகு, குழியில தண்ணி ஊத்தச் சொன்னாரா என்று கேட்டாள். ரெண்டு குடம் என்றேன். "ஊத்துங்க. நான் வர்ற வரைக்கும் நீங்க ஊத்துங்க." எப்ப வர்ற என்று கேட்கத்தான் வாய் வந்தது. கேள்வி கேட்காமல் இருக்கப் பழக வேண்டும் என்று அடக்கிக்கொண்டேன். சரி என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

கொல்லைப்படியில் செருப்பைக் கழற்றி வைத்தேன். சிமெண்டுத் தரை கொதித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், மரத்த பாதத்துக்கு ஏதோ லேசான சூடு மாதிரிதான் தெரிந்தது. நசுங்கின குடத்தை அவள் போன நாளிலிருந்து நான் எடுக்கவே இல்லை, துவைக்கிற கல்லுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துக் குழாய்க்குக் கீழே வைத்தேன். நசுங்கின பக்கம் சாய்ந்து சாய்ந்து விழப் பார்த்தது, காலால் முட்டுக் கொடுத்தேன். குழாயில் இனி ஒன்றும் இல்லை. டெஸ்டர் எரியவில்லை. ஒருத்தன் வெறுங்காலில் நின்று பிடித்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிறான். உள்ளே ஒரு பெட்டி காவலுக்கு நிற்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் நீட்டிய கை குழாய்க்கு நாலு விரல் கடை முன்னால் நின்றுவிட்டது. அப்படியே நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. பத்தொன்பது வருஷம், தினமும் காலையில், எனக்குக் காபி போடுவதற்குத் தண்ணீர் பிடிக்க வந்து அவள் இப்படித்தான் நின்றிருப்பாள். என் இடது கை தானாகக் கீழே போய்க் கைலி நுனியைத் தேடியது. அதை வலது கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் குழாயைத் திறந்தேன்.